அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன்

டவுன் பஸ்ஸில் தினமும் சொல்லப்படுகிற பொய்களிலேயே அழகானது ஒன்று உண்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நிற்கிறார். உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பையன் சட்டென்று எழுந்து, "உட்காருங்க சார், நான் அடுத்த ஸ்டாப்ல இறங்கிடுவேன்" என்கிறான். அடுத்த நிறுத்தம் வருகிறது, போகிறது. அதற்கடுத்ததும் போகிறது. பையன் அதே கம்பியைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு செய்யுளுக்கு நயம் சொல்வதைப்போல இந்த ஒற்றை வாக்கியத்துக்கும் நயம் சொல்லலாம். உங்களுக்கு வயதாகிவிட்டது என்ற செய்தி அதில் எங்கேயும் இல்லை. நான் விட்டுக்கொடுக்கிறேன் பாருங்கள் என்ற தோரணையும் இல்லை. எப்படியும் காலியாகப் போகிற ஓர் இடம், அதில் யார் உட்கார்ந்தால் என்ன என்கிற அளவுக்குப் பையன் விஷயத்தைச் சிறிதாக்கிவிடுகிறான். வாங்கிக்கொள்கிறவருக்குக் கூச்சம் வர இடமே இல்லை.

'முதியோர்' என்று எழுதிவைத்த இருக்கைகள் அரசுப் பேருந்துகளில் இருக்கின்றன. சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன் 2016 முதல் கிடைக்கிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் உரிமை என்பது கேட்டு வாங்க வேண்டியது. அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிற ஒருவரை எழுப்ப வேண்டுமென்றால், 'நான் கிழவன்' என்று நாலு பேர் முன்னால் முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். அறுபதைத் தாண்டிய பலருக்கு அது முழங்கால் வலியைவிடப் பெரிய வலி. வலியைப் பொறுத்துக்கொண்டு நின்றே வருவார்கள். பையனின் பொய் அந்த ஒப்புதலை அவரிடம் கேட்காமலே காரியத்தை முடித்துவிடுகிறது.

பெரியவரும் லேசுப்பட்டவர் இல்லை. உட்கார்ந்து மூச்சு வாங்கியதும், "அந்தப் பையை இப்படிக் குடு தம்பி, மடியில வச்சுக்கறேன்" என்கிறார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவனிடம் யாராவது பையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்களா? அவன் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தது என்று சொல்லாமல், தன் பங்குக்கு ஒரு சுமையை வாங்கிக்கொண்டு கணக்கை நேராக்கிவிட்டார்.

முதியவர்களுக்குச் செய்கிற உதவியின் அழகெல்லாம் அதை மறைக்கிற கைத்திறனில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். வெளிச்சம் போட்டுச் செய்தால், செய்தவர் பெரியவராகி வாங்கியவர் சிறியவராகிவிடுவார். தெரியாமல் செய்தால் இருவரும் அவரவர் உயரத்தில் இருப்பார்கள். இந்தத் திறன் நம் ஊரில் நாலு பக்கமும் கொட்டிக் கிடக்கிறது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தெரியாதபடி செய்வதுதான் அதன் இலக்கணம்.

அதே பஸ்ஸின் கண்டக்டரைப் பாருங்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போகலாம். கூட்ட நேரத்தில், கடைசி ஆளின் கால் படியில் பட்டதுமே இரண்டு விசில் பறந்துவிடும். ஒரு பாட்டி ஏறும்போது மட்டும் நல்ல கண்டக்டரின் விசில் உதட்டிலேயே நிற்கிறது. பாட்டி முதல் படியில் ஒரு காலை வைத்து, மற்றொரு காலையும் கொண்டுவந்து சேர்க்கிறார். அடுத்த படி. கை கம்பியைத் தேடுகிறது. விரல்கள் கம்பியைச் சுற்றி மூடுகின்றன. மூடிய பிறகுதான் விசில். இவ்வளவு நேரமும் அவர் பாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னால் நெருக்கிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்து, "பார்த்து ஏறுங்க எல்லாரும், வண்டி எங்கேயும் ஓடிடாது" என்றார். பாட்டியால் வந்த தாமதம் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிட்டது.

டிரைவரின் பங்கு இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. நிறுத்தத்தின் நடைபாதையை ஒட்டி வண்டியை நிறுத்தினால், மேடையிலிருந்து நேராகப் படிக்குக் காலை எடுத்து வைக்கலாம். நாலடி தள்ளி நிறுத்தினால் சாலையில் இறங்கி அங்கிருந்து ஏற வேண்டும். மேடையின் உயரம் அத்தனையும் முதல் படியோடு கூடிவிடும். இளைஞனுக்கு அது ஒரு பொருட்டில்லை. தொடைத் தசை இளைத்துப்போன எழுபது வயதுக்கு அதுதான் பயணத்தின் மிகக் கடினமான பகுதி. 2024 ஆகஸ்டில் சென்னையில் மறுபடி ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகள், நிறுத்தத்தில் ஒரு பக்கமாகத் தாழ்ந்து கொடுக்கின்றன. ஆனால் அந்த வண்டியும் ஓரம் ஒட்டி நின்றால்தான் பலன். ஸ்டியரிங் ஒடிக்கிற அந்தக் கடைசி நொடியில் யாரோ ஒரு பாட்டியை நினைத்த டிரைவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததுதான் அவருடைய வெற்றி.

ரயிலிலும் இந்த நாடகம் உண்டு. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும், இடம் இருந்தால், கீழ்ப் படுக்கை ஒதுக்கும்படி ரயில்வேயின் முன்பதிவில் ஏற்பாடு இருக்கிறது. இடம் இல்லாதபோது மேல் படுக்கை வந்துவிடும். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரும்பு ஏணியையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் எதிர்ப் படுக்கை இளைஞன், "ஆன்ட்டி, நீங்க கீழ எடுத்துக்கறீங்களா? மேலன்னா காலைல யாரும் என்னை எழுப்ப மாட்டாங்க" என்கிறான். கெஞ்சுகிற தொனி. சலுகை கேட்டது அவன், கொடுத்தது அந்த அம்மா. ரயில் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் வீட்டிலிருந்து கட்டி வந்த இட்லியில் இரண்டு அவனுக்குப் போய்விடும்.

வீட்டுக்குள் வந்தால் இந்த மறைப்பு இன்னும் நுட்பமாகிறது. காதை எடுத்துக்கொள்வோம். முதுமையில் காது மந்தமாகும்போது எல்லா ஒலியும் ஒரே அளவில் குறைவதில்லை. மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் போகின்றன. ச, ஸ, த, ப போன்ற ஒலிகளின் கூர்மை அந்த மேல் ஸ்தாயியில் இருக்கிறது. ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கீழே இருப்பதால் தப்பிவிடுகின்றன. ஆக, தாத்தாவுக்குச் சத்தம் கேட்கிறது, வார்த்தை பிடிபடவில்லை. "காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுன்னு பேசறீங்க" என்று அவர் சண்டைக்கு வருவதில் வீம்பு பாதி, உண்மை பாதி. கத்தினால் குரல் கீச்சென்று மேலே ஏறும். அவருக்குக் கேட்காத ஸ்தாயிக்கே போய்ச் சேரும். பக்கத்து வீட்டுக்கெல்லாம் விளங்கிவிடும், அவருக்கு மட்டும் விளங்காது.

எந்த மருத்துவரும் சொல்லித்தராமல் இதைத் தெரிந்துவைத்திருக்கிற மருமகள்கள் உண்டு. முதலில் மிக்ஸியை நிறுத்துவார். டிவியின் சத்தத்தைக் குறைப்பார். மாமனாருக்கு நேர் எதிரே, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்று, குரலைத் தாழ்த்தி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஒருமுறை விளங்கவில்லை என்றால் அதையே உரக்கத் திருப்பிச் சொல்லாமல், வேறு வார்த்தைகளில் மாற்றிச் சொல்வார்.

அதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் உறவுக்காரர்கள் கூடியிருக்கும் ஒரு கூடத்தில் பார்க்க வேண்டும். யாரோ வேடிக்கையாக ஏதோ சொல்ல, எல்லாரும் சிரிக்கிறார்கள். மாமனாரும் சிரிக்கிறார், அரை நொடி தாமதமாக. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. யாரும் கவனிக்கவில்லை; காபி கொண்டுவந்த மருமகள் கவனித்துவிட்டார். "என்ன அண்ணா சொன்னீங்க? எனக்குச் சரியா காதுல விழலை, இன்னொரு தடவை சொல்லுங்களேன்." அண்ணனுக்கென்ன, வேடிக்கையை இரண்டாம் முறை சொல்லச் சொன்னால் கசக்குமா? உரக்க, அபிநயத்தோடு சொல்கிறார். இந்த முறை மாமனாரின் சிரிப்பு எல்லாருடைய சிரிப்போடும் சேர்ந்து வருகிறது. செவிட்டுப் பட்டத்தை ஒரு நிமிஷம் தன் தலையில் சூட்டிக்கொண்டு, அவரைச் சபைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, மருமகள் காலி டம்ளர்களோடு உள்ளே போய்விட்டார்.

தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்குப் போவோம். மாலை ஏழு மணிக்கு நல்ல கூட்டம். ஒரு வயதான அம்மா சுருக்குப் பையிலிருந்து தீர்ந்துபோன மாத்திரை அட்டையை எடுத்து, மடிப்பை நீவி, கண்ணாடி மேஜைமேல் வைக்கிறார். "இதே மாதிரி குடுப்பா." அந்தக் கம்பெனி மாத்திரை இன்று இல்லை. அதே மருந்து வேறு கம்பெனியில் இருக்கிறது. ஆனால் பழையது மஞ்சள், இது வெள்ளை. நிறம் மாறினால் மருந்தே மாறிவிட்டது என்று பயந்து போடாமல் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை அப்படி நிறுத்துவது சின்ன விஷயமில்லை.

கடைக்காரர் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மருந்தின் பெயர் அச்சாகியிருக்கும் வரியில் விரலை ஓட்டுகிறார். "இந்த எழுத்தையும் இந்த எழுத்தையும் பாருங்கம்மா, ஒண்ணுதானே? சட்டைதான் வேற, ஆள் அதே ஆள்." அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனால் இரண்டு கோலம் ஒன்றா வேறா என்று சொல்லத் தெரியாத கண் இல்லையே. பார்த்துத் தலையாட்டுகிறார். பிறகு காகிதக் கவரின்மேல் பேனாவால் ஒரு சூரியன், ஒரு பிறை. சூரியனுக்குக் கீழே ஒரு கோடு, பிறைக்குக் கீழே ஒரு கோடு: காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு வரைந்தால் சாப்பிட்ட பிறகு. கடைசியாக, அந்தப் பழைய காலி அட்டையைத் தூக்கிப் போடாமல் புதிய கவரோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுக்கிறார். ராத்திரி வீட்டில் தனியாக இருக்கும்போது சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் நான் மிகவும் ரசிப்பது ஒன்றுதான். 'படிக்கத் தெரியுமா?' என்று அவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அந்தக் கடையில் எல்லாக் கவரிலும் சூரியனும் பிறையும்தான். ஓய்வுபெற்ற பேராசிரியர் வந்தாலும் அவருக்கும் அதே சூரியன். எல்லாருக்கும் செய்வதால் அது யாருடைய குறைக்காகவும் செய்ததாக ஆவதில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவருகிற தன்னார்வலர்கள் பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள், அந்த வட்டாரத்துக்காரர்கள். போன முறை கொடுத்த மாத்திரையைப் பெரியவர் ஒழுங்காகப் போட்டாரா என்று அவர்கள் தெரிந்துகொண்டாக வேண்டும். "ஒழுங்கா போட்டீங்களா?" என்று கேட்டால் "போட்டேன்" என்றுதான் பதில் வரும், பள்ளிப் பிள்ளையிடம் வீட்டுப்பாடம் கேட்டமாதிரி இருக்கும். அனுபவப்பட்டவர் கேட்கிற விதமே வேறு: "மிச்சம் எவ்வளவு இருக்கு தாத்தா? இருந்தா அதையும் கணக்குல சேர்த்து எழுதிக்கறேன்." தாத்தா தானாகவே டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டுகிறார். எத்தனை நாள் விட்டுப்போயிற்று என்பது எண்ணிக்கையில் தெரிந்துவிடும். விசாரணை நடந்ததே தாத்தாவுக்குத் தெரியாது.

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களிடமும் இந்தத் திறன் உண்டு. பல் விழுந்த பெரியவருக்கு, அண்டாவின் மேலாக இருக்கும் விறைத்த சாதத்தை விட்டுவிட்டு, அடியில் குழைந்திருப்பதை அள்ளி வைப்பார்கள். இலையில் ரசம் ஓடினால் அவரால் கூட்டி அள்ள முடியாது என்று, கேட்காமலே ஒரு கிண்ணம் வந்து நிற்கும். இதெல்லாம் சரி. ஆனால் பெரியவருக்கு உண்மையான இடைஞ்சல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்த பந்திக்காரர் அவருடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவருடைய இலையில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நம் மண்டபங்களில் பாதிப் பெரியவர்கள் அரை வயிற்றோடு எழுந்துவிடுவது இந்த மூச்சுக் காற்றால்தான். பரிமாறுகிறவர் வருகிறார். "மெதுவா சாப்பிடுங்க ஐயா, பாயசம் இன்னும் இந்தப் பக்கம் வரலை." பாயசம் வந்து போய்விட்டது, எதிர் வரிசையில் இலையை மூடிவிட்டார்கள். சொன்னது ஐயாவிடம், சொல்லப்பட்டது பின்னால் நிற்பவருக்கு. நாற்காலியைப் பிடித்திருந்த கை விலகுகிறது. சற்று நேரத்தில் வாளியில் கொஞ்சம் பாயசமும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

சமையலறையில் இதன் தங்கை ஒருத்தி இருக்கிறாள்: பாதி டம்ளர் காபி. கை நடுங்குகிறவரிடம் நிறைய ஊற்றிக் கொடுத்தால் வேட்டியில் கொட்டும். கொட்டினால் அன்றைய நாள் முழுக்க அவர் முகம் சரியாக இருக்காது. பாதி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அது தீரும் நேரம் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இருக்குப்பா, சூடா ஊத்தட்டுமா?" என்று மறு பாதியைக் கொண்டுவந்தால், கிடைத்தது பாதி என்று யாருக்குத் தோன்றும்? இரண்டு முறை கிடைத்தது என்றல்லவா தோன்றும்!

மறைக்காமல் செய்கிற அன்பும் உண்டு; அதையும் சொல்ல வேண்டும். ஆச்சிக்கு வெற்றிலை இடித்துக் கொடுப்பது எல்லாருக்கும் தெரிந்து, சத்தம் போட்டு நடக்கிற காரியம். உள்ளங்கையளவு இரும்பு உரலில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பைப் போட்டுப் பேத்தி இடிக்கிறாள். "இன்னும் நைஸா இடிடி, பாக்கு பல்லில்லாத வாயில உருளுது" என்று ஆச்சி அதட்டுகிறார். "பாக்கு நீங்கதானே அதிகமா போடச் சொன்னீங்க" என்று அவள் திருப்பி அடிக்கிறாள். இங்கே பல் போனதை மறைக்க வேண்டியதில்லை. ஏனென்றால் அதிகாரம் ஆச்சியின் கையில் இருக்கிறது. வேலை வாங்குகிறவர் அவர். வாங்கும் கை கீழே இல்லாத இடத்தில் மறைப்பும் வேண்டாம்.

யார் கை மேலே, யார் கை கீழே என்பது சாலையைக் கடக்கும்போது அப்பட்டமாகத் தெரியும். பார்வை மங்கிய பெரியவரின் முழங்கையைப் பற்றி விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்போம். நல்ல மனசுதான். ஆனால் பிடித்திருக்கிறவர் கையில்தான் வேகம் இருக்கிறது. பிடிபட்டவர் பின்னால் தள்ளாடிக்கொண்டு வருகிறார். தெரிந்தவர் தன் முன்கையை மடக்கி நீட்டி, "என் கையைப் பிடிச்சுக்குங்க, போலாம்" என்பார். இப்போது பிடி பெரியவருடையது. வேண்டுமென்றால் இறுக்கலாம், நிற்கலாம், விட்டுவிடலாம். அரையடி முன்னால் நடக்கும் இளைய உடம்பு, பள்ளத்தையும் மேட்டையும் அந்தக் கை வழியாகவே சொல்லிவிடும். நடை மெதுவாக வேண்டுமென்றால், "இருங்க, இந்தக் கடையில வாழைப்பழம் என்ன விலைன்னு பார்த்துக்கறேன்" என்று ஒரு நிமிஷம் நின்றால் போதும். மூச்சு வாங்குகிறவர் மூச்சு வாங்கிக்கொள்வார்.

வீட்டில், படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நின்றால் முதியவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம். கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது. அறிவுரையாகச் சொன்னால் கேட்க மாட்டார்கள். எழுந்து உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் வெந்நீரைக் கையில் கொடுத்துவிட்டால், குடிக்கிற நேரத்தில் அந்த நிமிஷம் தானாகக் கழிந்துவிடும். ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கும் இப்படித்தான். இருபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேர்கிறது. "குழந்தைங்க இருட்டுல பயப்படறாங்க" என்று சொல்லி அந்த விளக்கை மாட்டிவிடலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வேறு காரணம் சொல்ல வேண்டியதுதான்.

கருவிகள் வந்த பிறகு புதுச் சங்கடங்களும் வந்திருக்கின்றன. வயதாக ஆகத் தோல் தளர்ந்து, விரல் ரேகைகளின் மேடு தணிந்துவிடுகிறது. வயலிலும் துவைகல்லிலும் தேய்ந்த கைகளில் இன்னும் அதிகம். ரேஷன் கடை இயந்திரத்தில் பாட்டி கட்டைவிரலை வைக்கிறார், சிவப்பு விளக்கு. மறுபடி வைக்கிறார், மறுபடி சிவப்பு. வரிசையில் முணுமுணுப்பு எழுகிறது. தான்தான் என்று சொல்ல வந்த ஓர் ஆளை, தான் இல்லை என்று ஒரு பெட்டி சொல்கிறது. அவமானம் என்றால் இதுதான். விற்பனையாளர் ஈரத்துணியில் பாட்டியின் விரலைத் துடைத்து, மோதிரவிரலை வைத்துப் பார்த்து, வரிசைக்கும் கேட்கும்படி, "மெஷினுக்கு வயசாயிடுச்சு பாட்டி, காலையிலேர்ந்து எல்லாருக்கும் இப்படித்தான் மக்கர் பண்ணுது" என்கிறார். பாட்டி, "அதானே பார்த்தேன்" என்று நிமிர்ந்து நிற்கிறார். காலையிலிருந்து நூறு பேருக்கு அந்த மெஷின் சொன்னபடி கேட்டது வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பொய்யை ஊரே சேர்ந்து சொல்வதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே பார்க்கலாம்.

ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் சான்று தர வேண்டியிருக்கிறது. 2014 நவம்பரில் அது கைரேகை வைத்துத் தருகிற 'ஜீவன் பிரமாண்' ஆனது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே தரவும் வழி வந்தது. 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரர் வீட்டுக்கே வந்து முடித்துக் கொடுக்கிறார். 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டு வாசலில் வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே சொல்லியிருக்கிறது. தமிழக அரசின் 'தாயுமானவர்' திட்டத்தில், 2025 ஆகஸ்ட் முதல் ரேஷன் பொருளும் முதியோர் வீட்டுக்கு வருகிறது. சலித்துக்கொள்ளாமல் இந்த ஏற்பாடுகளைப் பாராட்ட வேண்டும். வீட்டுக்கு வருகிற தபால்காரர், "உயிரோட இருக்கீங்களான்னு பார்க்க வந்தேன்" என்று சொல்வதற்கும், "கவர்மென்ட்ல உங்களை போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னாங்க, நல்ல சட்டை போட்டுக்கிட்டு வாங்க" என்று சொல்வதற்கும் உள்ள தூரத்தை மட்டும் எந்த அரசாணையாலும் கடக்க முடியாது. அதை அந்தத் தபால்காரர்தான் கடக்க வேண்டும். பலர் கடக்கிறார்கள்.

கேட்பதிலும் ஒரு கைத்திறன் உண்டு. பெரியவர் சொன்ன கதையையே மறுபடியும் தொடங்குகிறார். "இதைத்தான் போன வாரமே சொல்லிட்டீங்களே" என்பது ஒரு வழி. பொறுமையாக 'ம்' கொட்டுவது இன்னொரு வழி. அது பாதி அன்பு. மூன்றாவது வழி, கதையின் நடுவில் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்பது. 'திருச்சிக்கு சைக்கிளிலேயே போனேன்' என்ற பழைய கதையில், "அந்த சைக்கிள் யாருது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர் ஒரு கணம் நிற்கிறார். கண் எங்கோ போகிறது. பிறகு சைக்கிளைக் கொடுத்த சிநேகிதன் வருகிறான், அவனுடைய அக்கா வருகிறாள், அந்த வீட்டுத் திண்ணை வருகிறது. தேய்ந்த கதை புதுக்கதை ஆகிவிடுகிறது.

பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் முதுமையில் மிகத் தெளிவாக நினைவுக்கு வரும் என்று உளவியல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் புறநானூற்றின் 243-ஆம் பாட்டுக்கு இது முன்பே தெரியும். கோலூன்றி, இருமலுக்கு இடையே பேசுகிற ஒரு முதியவர், ஆற்றங்கரை மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்க மடுவில் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளிவந்து காட்டிய இளமையை நினைக்கிறார். கவிஞரின் சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. பாட்டில் வரும் ஊன்றுகோலை வைத்தே அவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். கோல் ஊன்றிய கிழவரிடம் கோலைப் பற்றி விசாரிக்கிறவர்கள் நிறையப் பேர். மடுவின் ஆழத்தைப் பற்றிக் கேட்கிறவர்தான் அவருக்கு வேண்டியவர்.

இந்த வேலையைக் கெடுத்துக்கொள்ளவும் வழிகள் உண்டு. ஆஸ்பத்திரியில் எழுபது வயது மனிதரிடம் "செல்லம், வாயைத் திறங்க" என்று குழந்தைமொழி பேசுவது ஒன்று. பத்து நிமிஷம் ஆனாலும் தானே சட்டைப் பித்தான் போட்டுக்கொள்ள முடிந்தவரின் கையைத் தட்டிவிட்டு நாமே போட்டுவிடுவது இன்னொன்று. அந்தக் கை இரண்டு மாதத்தில் பித்தானை மறந்துவிடும். போர்வை கொடுத்துவிட்டு, ஒரு முனையை அந்தப் பாட்டியும் மறுமுனையை நாமுமாகப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரிப்பது மூன்றாவது. போர்வை குளிருக்கு உதவும். போட்டோ யாருக்கு உதவும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்தக் கலையில் கை தேர்ந்தவர்கள் இளையவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஊரில் இருக்கிற அம்மாவுக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்கிறோம். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பக்கம் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்டுவிடுகிறது. அந்தக் காதுக்கு அது மட்டும் எப்படித்தான் கேட்குமோ! உடனே, "சரிப்பா, வாசல்ல பால்காரர் வந்துட்டார் போலிருக்கு, வச்சிடறேன்" என்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த ஊரிலும் பால்காரர் வருவதில்லை. நமக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்து, போனை வைக்கிற பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு நம்மை விடுவிக்கிறார். இதற்குச் சரியான பதில், "பால்காரரா, இந்நேரத்திலா?" என்று கேட்டுக் குட்டை உடைப்பது இல்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு, "அவர் ஊத்திட்டுப் போகட்டும்மா, நான் லைன்லயே இருக்கேன்" என்பதுதான்.